படத்தின் ஓரத்தில் நிற்பவர்கள்

(பழைய சென்னைப் புகைப்படங்கள் குறித்து ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், பழைய புகைப்படங்களின் வழியே பழைய சென்னையின் அன்றாட வாழ்க்கையைக் காண்பது. கவர்னர்களின் வரலாறு அல்ல, கோட்டையின் வரலாறும் அல்ல. அவை புத்தகங்களில் நிறையவே இருக்கின்றன. நாம் கேட்கப்போகும் கேள்விகள் எளியவை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில் ஒருவர் காலையில் எழுந்தால் தண்ணீருக்கு எங்கே போனார்? வேலைக்கு எப்படிப் போனார்? என்ன உடுத்தினார்? காலில் செருப்பு இருந்ததா? மத்தியான வெயிலுக்கு எங்கே ஒதுங்கினார்? சாயங்காலம் யாரோடு உட்கார்ந்து பேசினார்?

இந்தக் கேள்விகளுக்கு அரசாணைகள் பதில் சொல்வதில்லை. கல்வெட்டுகள் சொல்வதில்லை. புகைப்படங்கள் சொல்கின்றன. ஆனால் அவற்றிடம் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறவருக்குப் படம் கட்டடத்தை மட்டுமே காட்டும். ஓரத்தைப் பார்க்கிறவருக்கு ஊரையே காட்டும். ஆகவே ஒவ்வொரு படத்திடமும் மூன்று கேள்விகள் கேட்போம். இதில் என்ன தெரிகிறது? என்ன தெரியவில்லை? இதை யார், யாருக்காக எடுத்தார்கள்?

முதலில் கேமரா நம் ஊருக்கு வந்த கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1839ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பாரிஸ் நகரில் டாகுவேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் சென்னையில் கேமராக்கள் உலவத் தொடங்கிவிட்டன. 1850களின் தொடக்கத்தில் ஃபிரடெரிக் ஃபீபிக் என்பவர் சென்னையின் தெருக்களையும் கட்டடங்களையும் படமெடுத்து, அவற்றின் மேல் கையாலேயே வண்ணம் தீட்டினார். கிழக்கிந்தியக் கம்பெனி அவருடைய படங்களை 1856இல் விலைக்கு வாங்கியது. அவை இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அதே 1856இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். சாதனங்களை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படச் சுருளாக்கினார். செலவு அதிகம் என்று சொல்லி, கவர்னர் ட்ரெவல்யன் காலத்தில் அந்தப் பணி நிறுத்தப்பட்டது. ட்ரைப்புக்கு உதவியாளராக இருந்த ஒருவரை நாம் மறக்கக் கூடாது. அவர் பெயர் ஐயாசாமி. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியில் புகைப்படக் கலை பயின்றவர் அவர். கேமரா வெள்ளைக்காரர் கையில் மட்டுமே இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். வந்த சில ஆண்டுகளிலேயே நம் ஊர்க் கைகளும் அதைப் பழகிவிட்டன.

இனி படங்களுக்கு வருவோம்.

1850களிலும் 60களிலும் எடுத்த சென்னைத் தெருப் படங்களைப் பார்ப்பவர் எவரும் முதலில் வியப்பது ஒன்றுக்குத்தான். தெருவில் ஆளே இல்லை! அகலமான சாலை, வரிசையாக மரங்கள், பெரிய பெரிய வீடுகள், ஆனால் மனிதர்களைக் காணோம். அன்றைய சென்னை அப்படி அமைதியான ஊரா? 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கே ஏறத்தாழ 4 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். அந்த 4 லட்சம் பேரும் எங்கே போனார்கள்?

எங்கும் போகவில்லை. அந்தத் தெருவில்தான் நடந்துகொண்டிருந்தார்கள். நடந்துகொண்டிருந்ததால்தான் படத்தில் விழவில்லை. அன்றைய கேமரா ஒரு படத்தை வாங்கிக்கொள்ளப் பல விநாடிகள் எடுத்துக்கொண்டது. சில சமயம் நிமிடக்கணக்கில் ஆனது. அவ்வளவு நேரம் அசையாமல் நின்றது மட்டுமே பதிந்தது. சுவர் பதிந்தது, மரம் பதிந்தது. நடந்தவர் மறைந்துபோனார், அல்லது புகைபோல ஒரு தடமாக மிஞ்சினார். டாகுவேர் 1838ஆம் ஆண்டளவில் எடுத்த பாரிஸ் நகரத் தெருப் படமே இதற்குப் பேர்போன சாட்சி. வண்டிகளும் மக்களும் நெரிந்த வீதி அது. ஆனால் படத்தில் தெளிவாகத் தெரிபவர் காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள நின்ற ஒருவரும் அவர் காலடியில் குனிந்திருந்த தொழிலாளியும்தான். நின்றதால் அவர்கள் நிலைத்தார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய சென்னைப் படங்களை மறுபடி பாருங்கள். யார் தெரிகிறார்கள்? வாசலில் சாய்ந்து நிற்கும் காவலாள். மரத்தடியில் படுத்திருக்கும் வண்டிக்காரர். அவிழ்த்துக் கட்டிய மாடுகள். கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்திருக்கும் பெண். ஓடியாடி உழைத்தவர்கள் அழிந்துபோக, களைத்து உட்கார்ந்த கணத்தில் இருந்தவர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு இந்த ஊர் மக்கள் சோம்பேறிகள் என்று அந்தக் காலத்தில் யாராவது எழுதியிருந்தால், அதற்கு மறுப்பு அந்தக் கேமராவின் வேகத்திலேயே இருக்கிறது.

வண்ணத்திலும் இப்படியொரு மயக்கம் உண்டு. அன்றைய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை எளிதில் வாங்கிக்கொள்ளும், சிவப்பை வாங்காது. அதனால் வானம் முழுக்க வெள்ளையாகிவிடும். வடகிழக்குப் பருவமழைக்குத் திரண்ட மேகம்கூட அதில் காணாமல் போகும். சிவப்போ கறுப்பாக விழும். அரக்குச் சேலை கட்டிய பெண் கறுப்புச் சேலையில் நிற்பதுபோலத் தெரிவார். நெற்றியில் குங்குமம் கரிப்பொட்டாகத் தெரியும். செங்கல் நிறக் கட்டடம் இருண்டுபோகும். பழைய சென்னை இருண்ட, வெளிறிய ஊர் என்ற எண்ணம் நம் மனத்தில் பதிந்ததற்கு இந்த ரசாயனமும் ஒரு காரணம். உண்மையில் அந்தத் தெருவில் அரக்கும் மஞ்சளும் பச்சையும் இன்று போலவே நிறைந்திருந்தன. படத்தைப் பார்க்கும்போது அந்த நிறங்களை நாம்தான் திருப்பி ஊட்டிக்கொள்ள வேண்டும்.

சரி, ஒரு பழைய படம் கையில் கிடைக்கிறது. பின்பக்கம் எதுவும் எழுதவில்லை. அது எந்த ஆண்டுப் படம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? படமே சொல்லும். என்ன இருக்கிறது என்று பாருங்கள், என்ன இல்லை என்றும் பாருங்கள்.

கடற்கரைப் படம் என்றால் கலங்கரை விளக்கத்தைத் தேடுங்கள். இன்றைய உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் உயரமான கல்தூண் 1844இல் விளக்கேற்றத் தொடங்கியது. உயர்நீதிமன்றக் கட்டடம் 1892இல் திறக்கப்பட்டது. 1894இல் விளக்கு அந்தக் கட்டடத்தின் கோபுரத்துக்கு இடம் மாறியது. மெரினாவில் இன்று நாம் காண்பது 1977இல் வந்தது. ஆகவே தூண் மட்டும் தனியே நின்று, பக்கத்தில் நீதிமன்றக் கோபுரங்கள் இல்லையென்றால், அந்தப் படம் 1844க்குப் பிந்தியது, நீதிமன்றம் எழும்புவதற்கு முந்தியது.

மவுண்ட் ரோடு படம் என்றால் நீல் சிலையைத் தேடுங்கள். 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய அந்தப் படைத்தலைவனின் சிலை ஸ்பென்சர் பக்கம் நின்றது. அதை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. ராஜாஜி தலைமையிலான அமைச்சரவைக் காலத்தில் 1937இல் அது அகற்றப்பட்டது. படத்தில் நீல் நின்றால் அது 1937க்கு முந்தியது. தெருவில் டிராம் தண்டவாளம் ஓடினால் 1895க்கும் 1953க்கும் இடைப்பட்ட காலத்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சென்ட்ரல் பக்கத்துப் படத்தில் ரிப்பன் மாளிகை தெரிந்தால் 1913ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ எடுத்தது. அடிவானத்தில் எல்.ஐ.சி. கட்டடம் எழுந்து நின்றால் அது 1959ஐ எட்டிவிட்டது.

இப்படி ஆண்டைக் கண்டுபிடிப்பதால் என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் உண்டு. ஆண்டு தெரிந்தால், அந்தப் படத்தில் நிற்கும் மனிதர் எந்தப் பஞ்சத்தைக் கடந்து வந்தவர், எந்தப் புயலைப் பார்த்தவர், எந்தப் போராட்டத்தைக் காணப் போகிறவர் என்பது தெரிகிறது. முகம் தெரியாத ஒருவருக்கு ஒரு வாழ்க்கை கிடைக்கிறது.

வாருங்கள், கடற்கரைக்குப் போவோம்.

இன்றைய ராஜாஜி சாலையில் நின்று கடலைப் பார்க்க முடியுமா? முடியாது. துறைமுகம் மறைக்கிறது. ஆனால் பழைய படங்களில் அந்தச் சாலைக்கு எதிரே அலை அடிக்கிறது. சாலை, கொஞ்சம் மணல், உடனே கடல். அன்று சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் மூட்டைகளும் அங்கிருந்து கரைக்கு வர வேண்டும். நடுவே சென்னையின் பேரலைகள்.

அந்த அலைகளைத் தாண்டியவை மசூலா படகுகள். அந்தப் படகு தெளிவாகத் தெரியும் படம் ஒன்று கிடைத்தால் அதன் பக்கவாட்டை உற்றுப் பாருங்கள். ஆணி அடித்த தடம் இருக்காது. பலகையும் பலகையும் சேரும் இடம் நெடுகத் தென்னங்கயிற்றால் தைத்த தையல் தெரியும். ஆணி அடித்த படகு அந்த அலையில் மோதினால் பிளந்துவிடும். கயிற்றால் தைத்த படகு அலையோடு நெளிந்து கொடுக்கும். இந்த அறிவு எந்தப் பொறியியல் கல்லூரியிலிருந்தும் வரவில்லை. இந்தக் கரையின் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலிடம் கற்றது. பக்கத்தில் சில மரங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரம். அதில் ஒருவர், தலையில் கூம்பு போன்ற தொப்பி. அந்தத் தொப்பிக்குள் நனையாமல் கடிதங்களை வைத்துக்கொண்டு அவர் கப்பலுக்குப் போனார். ஒரு பெரிய வணிக நகரத்தின் கடிதப் போக்குவரத்து அந்த மீனவரின் தலையில் ஏறிக் கடலைக் கடந்தது. கம்பெனியின் கணக்குப் புத்தகங்களில் லாபம் இருக்கிறது, அவர் பெயர் இல்லை. புகைப்படத்தில் அவர் உருவமாவது இருக்கிறது.

பிறகு படங்கள் மாறுகின்றன. 1860களின் தொடக்கத்தில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று வருகிறது. 1870களில் துறைமுக வேலை தொடங்குகிறது. கட்டி முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் அதைச் சிதைத்துப் போடுகிறது. மறுபடி கட்டுகிறார்கள். 1904இல் துறைமுகத்தின் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வாயிலை வடகிழக்குப் பக்கம் மாற்றி அமைக்கிறார். அந்தத் துறைமுக அலுவலகத்தில்தான் 1912இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ஓர் இளைஞர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அவர் சீனிவாச ராமானுஜன். அந்த ஆண்டுகளின் துறைமுகப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாரம் தூக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்கும் தூரத்தில், கணக்குப் பேரேடுகளுக்கு நடுவே, உலகக் கணிதத்தை உலுக்கப்போகும் ஒரு மூளை வேலை செய்துகொண்டிருந்தது. அவர் சேர்ந்து இரண்டே ஆண்டுகள் கழித்து, 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டனின் குண்டுகள் அதே கரையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தின. ஊரில் பலர் மூட்டைகட்டிக்கொண்டு வெளியேறினார்கள்.

இந்தப் படங்கள் இன்னொன்றையும் சொல்கின்றன. துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டபின் அதன் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போனது. மெரினாவின் அகன்ற மணற்பரப்பு அப்படி வளர்ந்ததுதான். பழைய படங்களில் ஐஸ் ஹவுஸுக்கு, அதாவது இன்றைய விவேகானந்தர் இல்லத்துக்கு, எவ்வளவு அருகில் கடல் இருக்கிறது என்று பாருங்கள். இன்று எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்றும் பாருங்கள். தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கடல் நிலத்தைத் தின்றது. வடசென்னை மீனவக் குப்பங்கள் இழந்த கரைக்குப் பழைய புகைப்படங்களும் சாட்சி. ரசித்துவிட்டு மூடிவைக்கும் பொருளல்ல அவை. நியாயம் கேட்கவும் உதவும் ஆவணங்கள்.

கடற்கரையிலிருந்து மவுண்ட் ரோடுக்கு வருவோம்.

1895 மே மாதம் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் இதுதான். 1900க்குப் பிந்திய மவுண்ட் ரோடு படங்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சி இது: நடுவில் டிராம். அதை ஒட்டி ஒரு ஜட்கா குதிரைவண்டி. அதன் பின்னால் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி. ஓரத்தில் ஆள் இழுக்கும் கை ரிக்‌ஷா. எப்போதாவது ஒரு மோட்டார் கார். மின்சாரத்தின் வேகமும் மாட்டின் வேகமும் மனிதக் காலின் வேகமும் ஒரே சாலையில் சேர்ந்து போகின்றன. மனிதரை மனிதர் இழுக்கும் அந்த ரிக்‌ஷா தமிழ்நாட்டில் 1970களில்தான் ஒழிக்கப்பட்டது. மின்சார டிராம் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1953இல் நின்றுவிட்டது. புதியது வந்தால் பழையது போய்விடும் என்ற நம் கணக்கை இந்தச் சாலை ஏற்கவில்லை. புதியது முதலில் போனது, மனித முதுகின் சுமை கடைசியில்தான் இறங்கியது.

கீழே பாருங்கள், கால்களைப் பாருங்கள். பெரும்பாலான கால்கள் வெறுங்கால்கள். சித்திரை வெயிலில் அந்தச் சாலை எப்படிக் கொதித்திருக்கும்! சாலையோர மரநிழலில் ஆட்கள் ஏன் வரிசையாக நடக்கிறார்கள் என்பதற்கு விடை அந்தக் கால்களில் இருக்கிறது. மேலே பாருங்கள், தலைகளைப் பாருங்கள். ஆண்களில் வெறுந்தலையோடு இருப்பவர் குறைவு. தலைப்பாகை, தொப்பி, முண்டாசு, ஏதோ ஒன்று தலையில் இருக்கிறது. அதை வைத்தே ஒருவர் எந்தச் சமூகம், எந்த வேலை என்று தெருவில் இருந்தவர்கள் அறிந்துகொண்டார்கள். 1950களின் படங்களுக்கு வந்தால் தலைப்பாகைகள் பெரும்பாலும் காணவில்லை. அரை நூற்றாண்டில் ஓர் ஊரே தலைப்பாகையைக் கழற்றிவிட்டது. எந்தச் சட்டமும் போடவில்லை, எந்த ஊர்வலமும் நடக்கவில்லை. இவ்வளவு பெரிய மாற்றத்தை வரிசையாக அடுக்கிய புகைப்படங்கள் காட்டும் அளவுக்கு வேறு எது காட்டும்?

அந்தக் கண்களையும் பாருங்கள். எல்லோரும் கேமராவையே பார்க்கிறார்கள். முக்காலியின் மேல் ஒரு பெட்டி, அதன் பின்னால் கறுப்புத் துணிக்குள் ஒரு தலை. அன்று அந்தத் தெருவில் நடந்த பெரிய சம்பவமே அதுதான். நாம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவர்களோ நம் பக்கத்து அதிசயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்பர்களே, இதுவரை தெரிவதைப் பார்த்தோம். இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். யார் எடுத்தார்கள்? யாருக்காக எடுத்தார்கள்?

19ஆம் நூற்றாண்டில் படங்களை விலை கொடுத்து வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். அதனால் அவர்கள் பார்க்க விரும்பியவை படமாயின. அவர்களுடைய பங்களாக்கள், கிளப்புகள், தேவாலயங்கள் படமாயின. மக்களைப் படமெடுத்தபோதும் மனிதராக எடுக்கவில்லை, மாதிரியாக எடுத்தார்கள். 1868 தொடங்கி எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்ற அரசாங்கத் தொகுப்பில் 400க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் கீழே சாதியின் பெயர் இருக்கிறது, குலத்தின் பெயர் இருக்கிறது, தொழிலின் பெயர் இருக்கிறது. ஆளின் பெயர் இல்லை. அவருக்கும் தாய் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். பல லட்சம் பேர் மாண்டார்கள். அந்தப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வில்லோபி ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். உயிர் போகும் நிலையில் இருப்பவர்களைக் கேமராவின் முன் நிறுத்தி அடுக்கியதற்காக அந்தக் காலத்து இங்கிலாந்திலேயே அவர்மேல் கண்டனம் எழுந்தது. ஆனாலும் அந்தப் படங்கள் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பஞ்சத்தின் கொடுமையை இன்று எண்களாக மட்டுமே அறிந்திருப்போம். எடுத்தவரின் நோக்கம் ஒன்று, படம் நமக்குச் சொல்வது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

இதற்கு இன்னோர் உதாரணம் சொல்லியாக வேண்டும். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பட அஞ்சலட்டைகள் வந்தன. ஹிக்கின்பாதம்ஸ் போன்ற கடைகளில் அவை விற்றன. சென்னையில் இருந்த வெள்ளைக்காரர்கள் அவற்றை வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள். வண்ணார், நாவிதர், சமையற்காரர், தண்ணீர் சுமப்பவர் என்று வீட்டு வேலைக்காரர்களின் படங்கள் அவற்றில் நிறைய. அவற்றுள் பேர்பெற்ற ஒன்று, பெண்கள் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து தலையில் பேன் பார்த்துக்கொண்டிருக்கும் படம். அதன் கீழே 'மெட்ராஸ் வேட்டை' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. வெளிநாட்டில் இருப்பவர் பார்த்துச் சிரிப்பதற்காக அச்சிட்டது.

அந்தத் தலைப்பைக் கையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். என்ன தெரிகிறது? வீட்டு வேலை முடிந்த ஒரு மத்தியானம். தலையைப் பிரித்துவிட்டு முன்னால் ஒருத்தி. விரல்களால் வகிடெடுத்தபடி அவள் பின்னால் இன்னொருத்தி. அந்த நேரத்தில்தான் நாத்தனார் பேச்சும் மாமியார் பேச்சும் நடந்திருக்கும். அரிசி விலையும் குழந்தையின் காய்ச்சலும் பேசப்பட்டிருக்கும். ஒருவர் தலையை இன்னொருவர் மடியில் நம்பிக் கொடுக்கும் உறவு அது. இந்த அரங்கில் இருக்கும் அம்மாக்களில் எத்தனை பேருக்குத் தம் அம்மாவின் விரல்கள் இப்போது நினைவுக்கு வந்திருக்கும்! கேலிக்காக எடுத்த படத்துக்குள்ளும் நம் வீட்டு மத்தியானம் ஒன்று பத்திரமாக இருக்கிறது. அதை மீட்டெடுப்பது நம் கடமை. தலைப்பு எழுதும் அதிகாரம் அன்று அவர்கள் கையில் இருந்தது. இன்று நம் கையில் இருக்கிறது.

அந்த அதிகாரம் நம் பக்கம் திரும்பத் தொடங்கிய இடம் எது தெரியுமா? போட்டோ ஸ்டூடியோ.

20ஆம் நூற்றாண்டு பிறந்தபின் சென்னையிலும், பிறகு ஊருக்கு ஊர் ஸ்டூடியோக்கள் பெருகின. போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும் என்று பயந்த மக்களே கல்யாணத்துக்கும் குழந்தையின் ஆண்டு நிறைவுக்கும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். அங்கே யாரும் அவர்களைச் சாதி மாதிரியாக நிறுத்தவில்லை. தாம் எப்படித் தெரிய வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். பின்னால் மாடிப்படியும் தோட்டமும் தீட்டிய திரைச்சீலை. பக்கத்தில் சிறு மேசை, அதன்மேல் பூச்சாடி. கையில் ஒரு புத்தகம். கைக்கடிகாரம் தெரியும்படி சற்றே முன்னால் நீட்டிய மணிக்கட்டு. குடும்பத்தலைவர் நாற்காலியில், பிள்ளைகள் சுற்றிலும். தறுதலை என்று பெயரெடுத்த மகன்கூட அன்று தலைவாரி நின்றிருப்பான். முகத்தில் தழும்பு இருந்தால் நெகடிவில் பென்சிலால் டச்சப் செய்து கொடுத்தார் ஸ்டூடியோக்காரர்.

அது நிஜ வாழ்க்கையா, நடிப்பா என்று கேட்கலாம். அந்த மாடிப்படி அவர்கள் வீட்டில் இல்லை, உண்மைதான். சில சமயம் அந்தக் கோட்டும் ஸ்டூடியோவில் இரவல் வாங்கியதுதான். ஆனால் அந்த ஆசை நிஜம். அந்தக் குடும்பம் எதை எட்ட நினைத்தது, எதை மரியாதை என்று கருதியது என்பதை வேறு எந்த ஆவணம் இவ்வளவு தெளிவாகச் சொல்லும்? பெண் குழந்தையின் கையில் புத்தகம் கொடுத்து நிறுத்திய அப்பாவின் மனம் அந்தப் படத்தில் இருக்கிறது.

இத்தனை படங்களும் இன்று எங்கே? பெரும்பகுதி போய்விட்டது. ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது கண்ணாடி நெகடிவுகள் பழைய சாமான்களோடு போயின. ஃபிலிம்கள் அவற்றில் இருக்கும் வெள்ளிக்காகக் கரைக்கப்பட்டன. மிச்சம் இருந்தவற்றைக் கரையானும் ஈரமும் பார்த்துக்கொண்டன. நல்ல முயற்சிகளும் நடக்கின்றன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் திரட்டி மின்வடிவில் சேமித்திருக்கிறது. ஆனால் நிறுவனங்களால் எட்ட முடியாத இடம் ஒன்று இருக்கிறது. அது நம் வீட்டுப் பீரோ.

ஒரு வீட்டில் ஒரு படம் பத்திரமாக இருந்தால் என்ன நடக்கும்? துறைமுகக் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் 1920இல் மறைந்தார். அவரைப் பற்றி எழுத விரும்பிய கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு நல்ல புகைப்படம் ஒன்று தேவைப்பட்டது. 1936இல் இந்தியா வந்த வானியற்பியல் அறிஞர் சந்திரசேகர், திருவல்லிக்கேணியில் வாழ்ந்த ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிப் போனார். அந்த அம்மாளிடம் கணவரின் பாஸ்போர்ட் இருந்தது, அதில் ஒரு படம் இருந்தது. நேராக நம்மைப் பார்க்கும் அந்தக் கண்கள் அந்தப் படத்தின் வழியாகத்தான் உலகுக்குத் தெரியவந்தன. ஒரு விதவை, வசதிகள் இல்லாத வாழ்க்கையில், ஒரு துண்டுப் படத்தைப் பதினாறு ஆண்டுகள் காப்பாற்றி வைத்திருந்தார். எந்த அருங்காட்சியகமும் செய்யாத வேலை அது. மகாகவி பாரதியாருக்கே விரல்விட்டு எண்ணக்கூடிய படங்கள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

நம் தாத்தா பாட்டிகள் ராமானுஜன்கள் அல்ல என்று நினைக்க வேண்டாம். மூர் மார்க்கெட்டில் கடை போட்டவர், பெரம்பூரில் மில் வேலைக்குப் போனவர், டிராமில் டிக்கெட் கிழித்தவர், கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்கியவர், இவர்கள் இல்லாமல் இந்த ஊர் ஏது? 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. இனி அந்த வளாகத்துக்குள் நடப்பதென்றால் படங்களின் வழியாகத்தான் நடக்க முடியும். அந்தப் படம் உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம்.

ஆகவே இந்த அவையை வேண்டிக்கொள்வது இதுதான். இந்த வார இறுதியில் பீரோவைத் திறந்து பழைய படங்களை வெளியே எடுங்கள். வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் அவர் பக்கத்தில் உட்காருங்கள். படத்தில் இருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் கேளுங்கள். அந்த ஓரத்தில் நிற்கும் வேலைக்காரப் பெண்ணின் பெயரையும், குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவரின் பெயரையும் விடாமல் கேளுங்கள். ஊர், தெரு, ஆண்டு, யார் கல்யாணம், எந்த ஸ்டூடியோ, எல்லாவற்றையும் படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். பசை தடவி ஒட்ட வேண்டாம். பிளாஸ்டிக் தாள் மூடும் ஒட்டும் ஆல்பங்களில் இருந்தால் மெல்லப் பிரித்து எடுத்துவிடுங்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து, உறவினர் இரண்டு மூன்று பேருக்காவது அனுப்பி வையுங்கள். தெருவோ கடையோ திருவிழாவோ தெரியும் படமாக இருந்தால் உங்கள் ஊர் நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ ஒரு பிரதி கொடுங்கள்.

பெயர் தெரிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். தள்ளிப்போடாதீர்கள்.